பால் பொங்கிய அடுப்பு

பால் கருகும் வாசனைதான் முதலில் வந்தது. நான் பால்கனியில் நின்று மரக் கதவுகளின் சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பலெர்மோவின் கால்சாப் பகுதியில் கடற்காற்று உப்போடு தூசியையும் கொண்டுவந்து ஒவ்வொரு சட்டத்திலும் அப்பிவிடும். ஒரு கதவை முடிப்பதற்குள் கை மரத்துப்போகும்.

கீழ்வீட்டில் யாரோ குழந்தைக்குப் பால் காய்ச்சுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், வாசனை என் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது.

அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவே கூடாது. வீட்டுக்காரி சிக்னோரா நொயேமி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் கடைக்குப் போயிருந்தார். துணியைப் போட்டது போட்டபடி உள்ளே ஓடினேன்.

வசந்தி அடுப்புக்கு முன்னால் கைகூப்பி நின்றாள். கண்கள் மூடியிருந்தன. சட்டியின் விளிம்பைத் தாண்டி நுரை வழிந்து, நாங்கள் முந்தின நாள் முழுக்கத் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்கவைத்த இரும்பின் மேல் விழுந்து சீறிக்கொண்டிருந்தது. என் காலடி கேட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"கிழக்குப் பக்கமாத்தான் பொங்கினது" என்றாள். முகத்தில் அப்படியொரு திருப்தி.

வசந்தி என் மனைவி. இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வன்னியில் பிறந்தவள், பலெர்மோவில் என்னோடு வீடுவீடாகத் துப்புரவு வேலை செய்கிறவள். நான் எழுதுவதை அவள் படிப்பதில்லை. வாசித்துக் காட்டினால், "உதையெல்லாம் ஏன் எழுதுறியள்" என்று எழுந்துபோய்விடுவாள்.

முன்பிருந்தவரின் எண்ணெய்

அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் பாலைப் பற்றிச் சொல்ல முடியாது.

சிக்னோரா நொயேமி வடக்கே லிவோர்னோவிலிருந்து வந்தவர். வயது அறுபதை நெருங்கும். பழைய ஓவியங்களின் அழுக்கெடுத்துத் திருத்துவது தொழில். ஏதோ ஒரு தேவாலயத்துச் சுவரோவியத்துக்காக அழைக்கப்பட்டு, கால்சாவில் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். யூதர். அதை முதல் நாளே சொன்னார், எதற்காகச் சொல்கிறார் என்பது மறுநாள்தான் விளங்கியது.

வீட்டோடு ஒரு காஸ் அடுப்பும் இருந்தது. கீழே ஃபோர்னோ, அதுதான் ரொட்டி வேகவைக்கிற பெட்டி. மேலே ஐந்து வாய். முன்பிருந்தவர் ஓர் உணவகத்துச் சமையல்காரராம். வேலையிடத்தில் சமைத்தது போதாதென்று வீட்டிலும் சமைத்திருக்கிறார். பன்றி இறைச்சிச் சால்சிச்சாவின் கொழுப்பு, கத்தரிக்காய் பொரித்த எண்ணெய், இன்னும் என்னென்னவோ படைபடையாகக் காய்ந்து, இரும்பு எது அழுக்கு எது என்று தெரியாமல் கிடந்தது. அடுப்பு வீட்டு உரிமையாளருடையது, மாற்ற அனுமதி இல்லை.

நான் இந்த ஊரில் எத்தனையோ அடுப்புகளைக் கழுவியிருக்கிறேன். ஓர் அடுப்பைப் பார்த்தால் அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள், யார் துடைக்கிறார்கள், இருவரும் ஒருவரோடொருவர் கதைக்கிறார்களா என்பதுகூடத் தெரிந்துவிடும். இந்த அடுப்பைத் துடைக்க ஆளே இருந்திருக்கவில்லை.

மூவரும் சேர்ந்து தேய்த்தோம். நான் இரும்புச் சட்டங்களைத் தொட்டியில் ஊறவைத்துக் கம்பிப்பஞ்சால் உரசினேன். வசந்தி ஃபோர்னோவுக்குள் தலையை விட்டால் வெளியே எடுக்கவில்லை. சிக்னோரா தரையில் உட்கார்ந்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் நெருப்பு வரும் துவாரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஓவியத்துக்கு அப்படித்தான் செய்வாராம். முன்னூறு வருடத்து மாதாவின் முகத்திலிருந்து மெழுகுவர்த்திப் புகையை எடுப்பதைவிட இது கடினம் என்றார்.

சுத்தம் என்பது அவருக்குப் பாதி வேலைதான். மீதியை விளக்கினார். அவர்களுடைய ஆசாரப்படி சமைக்க உகந்த அடுப்புக்கு கஷேர் என்று பெயர். வேறு ஆட்கள் சமைத்த அடுப்பை அப்படி ஆக்குவதற்கு, முதலில் துளி அழுக்கில்லாமல் கழுவ வேண்டும். பிறகு ஒரு முழு நாள் அதில் எதையும் சூடாக்காமல் சும்மா விட வேண்டும். அதன் பிறகு இரும்பு சிவக்கச் சிவக்க எரிக்க வேண்டும். அதற்குள் முன்பு சமைத்ததெல்லாம் இரும்பை விட்டுப் போய்விடுமாம்.

எங்களுக்கும் இரண்டு கட்டளைகள் இருந்தன. மத்தியானச் சாப்பாட்டைக் குசினிக்குள் கொண்டுவராமல் பால்கனியில் வைத்துச் சாப்பிட வேண்டும். அடுப்பை யார் வேண்டுமானாலும் கழுவலாம், ஆனால் நெருப்பை அவர்தான் பற்றவைப்பார்.

சிரட்டை

அந்த இரண்டாவது கட்டளை எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு ஊருக்குப் போக வேண்டும். ஆசையாகப் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எனக்கு மீசை அரும்பிய வயது. ஒரு பெரிய வீட்டுக்கு அப்பாவோடு வேலி அடைக்கப் போயிருந்தேன். பத்து மணிக்குத் தேத்தண்ணி வந்தது. அந்த அம்மா கேத்தலோடு வந்து, எங்களை வளவின் மூலையில் கிடந்த சிரட்டைகளை எடுக்கச் சொன்னார். நாங்கள் ஏந்திப் பிடிக்க, தன் கை எங்கள் கையருகே வந்துவிடாதபடி உயரத்திலிருந்து ஊற்றினார். இஞ்சி போட்ட தேத்தண்ணி. நல்ல ருசி, அதையும் சொல்லிவிட வேண்டும். கிணற்றடியில் அந்த வீட்டு நாய்க்கு ஒரு அலுமினியக் கோப்பை இருந்தது.

பிறகு யுத்தம் எல்லாரையும் ஒரே முகாமில் கொண்டுபோய்ப் போட்டது. ஒரே கிடாரம், ஒரே அகப்பை. சிரட்டையில் ஊற்றியவர்களின் பிள்ளைகளும் நாங்களும் ஒரே வரிசையில் தட்டோடு நின்றோம். அப்போது யாரும் யாரையும் என்ன ஆட்கள் என்று கேட்கவில்லை. முகாமை விட்டு வெளியே வந்ததும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பலெர்மோவிலும் கேட்கிறார்கள், கொஞ்சம் சுற்றிவளைத்து, ஊரில் எந்தப் பக்கம் என்று.

ஆகவே ஒரு வெள்ளைக்காரப் பெண் என் சாப்பாடு குசினிக்குள் வரக் கூடாது, நெருப்பைத் தான்தான் பற்றவைப்பேன் என்றதும் எனக்குக் கேத்தல்தான் கண்ணுக்குள் வந்தது. வேலை முடிந்து பல்லரோ சந்தை வழியாக நடந்து வரும்போது வசந்தியிடம் எரிந்து விழுந்தேன். இவவும் அந்தச் சாதி ஆக்கள்தான், இத்தாலியன் கதைக்கிறா, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன்.

வசந்தி ஒரு கடையில் இறால் விலை பேசிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "அவ சட்டியைப் பற்றிச் சொல்லுறா. உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

எனக்கு அது சமாதானமாக இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் காலையில் சிக்னோரா எங்களுக்குக் கோப்பி தந்தது, தான் குடிக்கிற அதே கோப்பைகளில், தான் உட்கார்ந்த அதே மேசையில். அதைப் பற்றி நான் வசந்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பியின் மீன் டின்

அந்தக் கோப்பி நேரத்தில்தான் இவ்வளவு பாடும் யாருக்காக என்று சிக்னோரா சொன்னார். பிரான்சில் இருக்கும் அவருடைய தம்பிக்காக.

இளமையில் சிக்னோரா இந்த ஆசாரம் எதையும் பார்க்கவில்லை. வேறு மதத்துக்காரரைக் கட்டினார், எல்லாவற்றையும் சமைத்தார், எல்லாவற்றையும் சாப்பிட்டார். தம்பி எதிர்ப்பக்கம் போனார். வருடத்துக்கு வருடம் ஆசாரம் கூடிக்கொண்டே போனது. சண்டை என்று ஒன்றும் இல்லை. தம்பி அக்காவின் வீட்டில் கை நனைப்பதில்லை, அவ்வளவுதான்.

கணவர் இறந்தபோது தம்பி வந்து லிவோர்னோவில் கூட நின்றார். தோளில் கை போட்டு ஆறுதல் சொன்னார், ஓடியாடி எல்லா அலுவலும் பார்த்தார். சாப்பாட்டு நேரம் வந்ததும் பையிலிருந்து மீன் டின் ஒன்றை எடுத்து, அக்காவின் மேசையிலேயே திறந்து, கடதாசித் தட்டில் கொட்டிச் சாப்பிட்டார். அக்கா சமைத்துவைத்தது அடுப்பில் ஆறிக்கிடந்தது.

அந்த டின் திறக்கிற சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை என்றார் சிக்னோரா. அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக ஆசாரத்துக்குத் திரும்பினாராம். கடவுளுக்காகவா தம்பிக்காகவா என்று தனக்கே தெரியாது என்று சிரித்தார். இப்போது தம்பி வெள்ளிக்கிழமை பின்னேரம் வருகிறார், சனிக்கிழமை அவர்களுடைய ஓய்வு நாள், அதை அக்காவோடு கழித்துவிட்டுப் போய்விடுவார். வெள்ளி பொழுதுபடுவதற்குள் சமைத்து முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நெருப்பைத் தொட மாட்டார்கள்.

"எனக்கு வேறொன்றும் வேண்டாம். என் கையால் ஒரு வாய் அவன் சாப்பிட வேண்டும்" என்றார்.

வசந்திக்கு இத்தாலியன் அரைகுறை. நான்தான் தமிழில் சொன்னேன். சாப்பிட மாட்டேன் என்பதன் நோவை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. கல்யாண வீட்டில் ஒருவர் பந்தியில் உட்காராமல் போய்விட்டால் அதைத் தலைமுறைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் நாங்கள். வசந்தி கோப்பியைக் குடித்து முடித்தாள். பால் காய்ச்சும் எண்ணம் அப்போதுதான் அவளுக்குள் புகுந்திருக்க வேண்டும்.

புதுச் சட்டியா?

இனிப் பொங்கிய பாலுக்கு வருகிறேன்.

அடுப்பை அணைத்துவிட்டு, இதென்ன வேலை பார்த்து வைத்திருக்கிறீர் என்று வசந்தியைக் கேட்டேன். அவளுக்கு என் பதற்றம் விளங்கவில்லை.

"சமைக்கிற நெருப்பைத்தானே தான் பற்றவைப்பன் எண்டு சொன்னவ. பால் காய்ச்சிறது சமையலோ? தனியப் பொம்பிளை, புது வீடு, பால் பொங்காமல் எப்பிடிக் குடியிருக்கிறது? நாளைக்கு அவ அடுப்பு மூட்டுறதுக்கு முதல் பொங்கவேணுமெண்டுதான் இண்டைக்கே கொண்டுவந்தனான்."

அவள் கணக்கில் தவறே இல்லை. எங்களுக்குப் புது வீட்டு அடுப்பில் முதலில் சூடேறுவது பால்தான். அடுப்பு சும்மா கிடக்கிறது, இன்னும் யாரும் மூட்டவில்லை என்று சிக்னோரா சொல்லச் சொல்ல, அவளுக்கு அதுதான் சரியான நேரமாகப் பட்டிருக்கிறது. அந்த அக்காவும் தம்பியும் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும் என்று நேர்ந்துகொண்டு பால் வைத்திருக்கிறாள். இதற்கு நான் என்ன சொல்ல?

துடைத்துவிட்டு மறைத்துவிடலாமா என்று யோசிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. சிக்னோரா இரண்டு கை நிறையப் பைகளோடு வந்து வாசலில் நின்றார். அடுப்பைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். பைகளை மெதுவாகக் கீழே வைத்தார்.

நான் விளக்கினேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கதிரையில் உட்கார்ந்து, தனக்கும் தம்பிக்குமாகவா வசந்தி இதைச் செய்தார் என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

மறுமுனையில் அவர்களுடைய ரப்பி, ஆசார விஷயங்களில் தீர்ப்புச் சொல்கிற பெரியவர். கரகரத்த குரல். சிக்னோரா தொலைபேசியை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி விட்டார். எந்த வாயில் வைத்தது, எவ்வளவு வழிந்தது, இரும்பில் பட்டபோது கொதித்ததா என்று ரப்பி கேட்டுக்கொண்டே போனார். நான் வசந்தியைக் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். பால் என்ன பால் என்றும் கேட்டார். கடைப் பால். அதில் அவருக்குப் பெரிய பிரச்சினை இருப்பதாகத் தெரியவில்லை.

பிறகு கேட்டார்: சட்டி புதிதா? புதுச் சட்டி என்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வழிந்ததைத் துடைத்துவிட்டு நேற்றுத் தொடங்கிய கணக்கிலேயே போகலாம் என்றார்.

சிக்னோரா என் முகத்தைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. புதிது என்ற ஒரு சொல்லில் எல்லாம் சரியாகிவிடும். பால் காய்ச்சப் புதுச் சட்டிதான் எடுப்பது எங்கள் வழக்கம், அதைச் சொன்னால் யாரும் நம்புவார்கள். சட்டியும் பழப்புளி போட்டு மினுக்கிக் கடையிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. 'நுவோவா' என்ற இத்தாலியன் சொல் என் வாய்க்குள் வந்து நின்றது.

வசந்திக்கு அந்தச் சொல் தெரியும். நான் வாயைத் திறக்கும் முன் மேசைக்குக் கிட்டே வந்து, தொலைபேசிக்குக் குனிந்து, அவளே இத்தாலியனில் சொன்னாள்.

"நோ. வெக்கியா. காசா மியா."

இல்லை, பழசு, என் வீட்டுச் சட்டி. கடை பூட்டியிருந்ததாம், கழுவி மினுக்கிக் கொண்டுவந்தாளாம். கடைசியாக அதில் என்ன சமைத்தது, எப்போது என்று ரப்பி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"நேற்று ராத்திரி. இறால் குழம்பு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உள்ளதைச் சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன். அவர்கள் தொடவே கூடாத சாப்பாடுகளில் இறாலும் ஒன்று. ஒரு நாளைக்குள் சமைத்த சட்டி என்பதும் சேர்ந்துகொண்டது. இதைவிட மோசமான பதிலை வசந்தி தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டாள்.

பிறகு ரப்பி தீர்ப்பைச் சொன்னார். அந்தப் பெண் சொன்னால் அது அப்படித்தான். மறுபடி கழுவ வேண்டும், பால் பொங்கிய நேரத்திலிருந்து இன்னொரு முழு நாள் விட வேண்டும், பிறகு எரிக்க வேண்டும்.

அந்தப் பெண் சொன்னால் அது அப்படித்தான். இந்த நாட்டுக்கு வந்தபோது வசந்தி தன் வீடு எரிந்ததைச் சொன்னாள், தன் தம்பி காணாமல் போனதைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சி கேட்டார்கள். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கையில் வரும்வரை அவளுடைய வாய்ச்சொல்லுக்கு எந்த மேசையிலும் மதிப்பு இருக்கவில்லை. முகம் தெரியாத ஒரு கிழவர் ஒரு கேள்வி கேட்டு ஒரு பதிலைக் கேட்டு நம்பியது எனக்கு என்னவோ செய்தது. சிக்னோராவுக்கு இது ஆறுதல் ஆகாது என்பதும் தெரிந்தது. மாரிகாலம், நேரத்துக்கே பொழுதுபட்டுவிடும். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் அடுப்பை எரிக்கலாம், அதன் பிறகு சமைக்கக் கிடைப்பது சொற்ப நேரம்.

வெள்ளிக்கிழமை

அன்றைக்கு எங்களுக்குப் பொலிதேயாமாப் பக்கம் வேறொரு வீட்டில் வேலை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு இருவரும் கால்சாவுக்கே போனோம். சிக்னோரா எங்களை அழைக்கவில்லை. கதவைத் திறந்தபோது ஏன் வந்தீர்கள் என்று கேட்கவும் இல்லை.

நேரம் வந்ததும் அவர் நெருப்பைப் பற்றவைத்தார். எல்லா வாயும் முழு வேகத்தில் எரிந்தன. குசினி ஜன்னல்கள் வேர்த்தன. இரும்புச் சட்டங்கள் கருமை மாறி மெல்லச் சிவக்கும்வரை மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குச் சுடலையும் கோயிலும் சேர்ந்து ஞாபகம் வந்தன.

பிறகு ஓட்டம்தான். பெரிய செதிலுள்ள மீன், தக்காளி, ஒலிவ் காய், வெங்காயம். எல்லாம் புதுச் சட்டி, புதுக் கத்தி. வசந்தி வெட்டிக் கொடுக்கக் கொடுக்கச் சிக்னோரா அடுப்பில் போட்டார். நான் ஜன்னலால் வெயில் எவ்வளவு தூரம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மீன் கொதித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி வந்துவிட்டார். மெலிந்த மனிதர், நரைத்த தாடி, தோளில் கனத்த பை. அக்காவைக் கட்டிக்கொண்டார். குசினி வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார்.

சிக்னோரா எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றை விட்டுவிடக்கூடாதா என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். பால், சட்டி, இறால், ரப்பி என்று ஒன்றும் விடாமல் சொன்னார். போச்சு, இனி இந்த மனிதர் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

அவர் அடுப்புக்குக் கிட்டே போய் இரும்பைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, இறால் என்று சொன்னது இவர்தானா, புதிது என்று சொல்லியிருக்கலாம்தானே என்று கேட்டார். இவர்தான் என்றேன். சொல்லியிருக்கலாம் என்றும் சொன்னேன்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறதாம். ஓய்வு நாள் சாப்பாட்டைப் பொழுதுபடும் முன் கொஞ்சம் ருசி பார்ப்பார்கள். சிக்னோரா ஒரு கரண்டியில் குழம்பை அள்ளி நீட்டினார். இரண்டு சொட்டு நிலத்தில் விழுந்தது. தம்பி அந்தக் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏதோ முணுமுணுத்து வேண்டிக்கொண்டு, குனிந்து, அக்காவின் கையிலிருந்தபடியே அதை வாயில் வாங்கிக்கொண்டார்.

வசந்தி என் முழங்கையை இடித்தாள்.

"உப்புக் காணுமோ எண்டு கேளுங்கோ" என்றாள்.

இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா என்று கோபம் வந்தது. ஆனாலும் கேட்டேன். அவர் நாக்கைச் சப்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் குறைகிறது" என்றார்.

எங்கள் ஆட்களில் விருந்துக்கு வந்தவர் உப்பைப் பற்றி வாயே திறக்க மாட்டார். குறைந்தாலும் கூடினாலும் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் எழும்புவார். உப்புக் குறைவு என்று வீட்டு ஆள்தான் சொல்வான்.

சிக்னோரா உப்புச் சாடியைக் கையில் எடுத்தார். மூடியைத் திறக்க முடியாமல் அழுதுகொண்டு நின்றார். வசந்தி அவர் கையிலிருந்து அதை வாங்கி, இரண்டு விரலால் கிள்ளி எடுத்துக் குழம்பில் போட்டுக் கிளறினாள். தம்பி பார்த்துக்கொண்டுதான் நின்றார், தடுக்கவில்லை.